நோரிஸ் முட்டிக் கவசம் போடாத காரணம்

ஹார்கெட் ஊரில் மான் வேட்டைக்கு எதை உடுத்துவது, எதை எடுத்துப்போவது என்று சந்தேகம் வந்தால் பெர்த்தாவின் வேட்டைச் சாமான் கடைக்குப் போய் நோரிஸ் ஹாலமைக் கேட்க வேண்டும். கடை வாசலில் பலகையே மாட்டியிருக்கிறார்கள். 'நோரிஸைக் கேளுங்கள்' என்று முழ உயர எழுத்து; பக்கத்தில் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து அடிவானத்தை அளந்துகொண்டிருக்கும் நோரிஸின் படம். படத்துக்கு அவர் நின்றது கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில். அடிவானத்தைப் பிறகு ஒட்டிக்கொண்டார்கள்.

வயோமிங் மாநிலத்தில் அக்டோபர் பிறந்தால் வெளி மாநிலத்து ஆட்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். முகத்தில் பயத்தை வைத்துக்கொண்டு நோரிஸின் கல்லா முன் நிற்பார்கள். நோரிஸ் அவர்களை மேலும் கீழும் பார்ப்பார். "பருத்தி பனியனா போட்டிருக்கீங்க? கழட்டிடுங்க. ஏழு மணிக்கு வேர்க்கும், பத்து மணிக்குக் காத்தடிக்கும், பதினோரு மணிக்கு உங்க சம்சாரத்துக்கு நாங்க போன் பண்ண வேண்டியிருக்கும்" என்பார். கவைக் கொம்பு மானுக்கு, இரண்டு மைல் தள்ளி நீங்கள் மூக்கைச் சொறிவது தெரியும் என்பார். கடைசி இருநூறு கஜம் தவழ்ந்துதான் போக வேண்டும், தரை முழுக்கச் சப்பாத்திக் கள்ளி, முட்டிக் கவசமும் தோல் கையுறையும் வாங்காமல் இந்தக் கடையை விட்டு வெளியே போகாதீர்கள் என்பார். அவர் சொல்லச் சொல்லக் கல்லாவில் சாமான் குவியும். வந்தவர்கள் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு போவார்கள். பாதிப்பேர் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வேறு அனுப்புகிறார்கள்.

இத்தனையும் சொல்லும் நோரிஸ் தன் ஆயுளில் ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை. வேட்டைக்கே போனதில்லை.

பொய் சொன்னார் என்று பிடிக்கவும் முடியாது, அங்கேதான் அவருடைய சாமர்த்தியம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதில் அப்பன்மார் கூட்டிப்போவார்கள். நோரிஸ் வளர்ந்தது இருநூறு மைல் தள்ளி ஒரு ரயில் சந்திப்பில். அப்பா சரக்கு ரயில் ஓட்டினார். அக்டோபரில் என்றைக்கும் வீட்டில் இருந்ததில்லை. பன்னிரண்டில் போகாதவர், இருபதில் இன்னொருவரிடம் போய் 'என்னையும் கூட்டிப்போ' என்று கேட்க வெட்கப்பட்டார். முப்பதில் வெட்கம் இன்னும் பெருத்தது. முப்பத்தைந்தில் பெர்த்தா கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு வாடிக்கையாளர், "நீங்க இதுவரைக்கும் எத்தன அடிச்சிருப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். "எண்ணி வச்சுக்கிறதில்லைங்க" என்றார் நோரிஸ். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சைபரை எண்ணி வைக்கிறவர் யார்.

அதற்குப் பிறகு இருபத்துநாலு வருஷம் ஓடிவிட்டது. அரசாங்கமும் தன்னால் ஆனதைச் செய்தது. அறுபத்தாறாம் வருஷத்து ஜனவரியிலிருந்து பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து அட்டை வாங்க வேண்டும் என்பது சட்டம். நோரிஸ் பிறந்தது அறுபத்தைந்து டிசம்பர் பதிமூன்று. உங்கள் அட்டை எங்கே என்று யாரும் கேட்க வழியில்லாமல் போயிற்று. துப்பாக்கி சுடத் தெரியுமா என்றால் பிரமாதமாகத் தெரியும். ஞாயிறுதோறும் ஊர்க் குப்பைமேட்டுக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் காகிதத்தைச் சுடுவார். இருநூறு கஜத்தில் கைக்குட்டைக்குள் ஐந்து குண்டையும் போடுவார். காகிதம் கண்ணைத் திறந்து பார்ப்பதில்லை என்பது அவருக்கு வசதியாக இருந்தது.

இந்தச் சுகத்தைக் கெடுப்பதற்கென்றே மனைவி வழியில் ஒரு மைத்துனன் வாய்த்திருந்தான். பெயர் டூயி ஸ்டாம்ப்பர். எரிவாயு லாரி ஓட்டுகிறான். வீட்டுக்கு வீடு சிலிண்டரில் வாயு நிரப்புவது வேலை, வீட்டுக்கு வீடு செய்தி நிரப்புவது பொழுதுபோக்கு. காலை ஏழு மணிக்கு டூயிக்குத் தெரிந்தது ஏழரைக்கு ஊர்க் காபிக்கடைக்குத் தெரிந்துவிடும். அவன் ஜூன் மாதக் கடைசியில் பெர்த்தா கடைக்குள் நுழைந்து, ஏழெட்டுப் பேர் நிற்கும்போது நோரிஸின் தோளில் கைபோட்டான்.

"மச்சான், முப்பது வருஷமா ஒரே மேசையில சாப்பிடுறோம். ஒரு நாளாவது சேர்ந்து வேட்டைக்குப் போயிருக்கமா? வேட்டைச் சீட்டுக் குலுக்கல்ல உன் பேரையும் சேர்த்துப் போட்டேன். ஆளுக்கு ஒரு மான்னு ரெண்டு பேருக்கும் சீட்டு விழுந்துருச்சு. உன் அறுபதாவது பொறந்தநாளுக்கு என் பரிசுன்னு வச்சுக்க."

"டிசம்பர்ல தான பொறந்தநாள்" என்றார் நோரிஸ்.

"மானுக்கு டிசம்பர் வரைக்கும் காத்திருக்கத் தெரியாதே. பெரிய ஆளு எப்படி அடிக்கிறாருன்னு நானும் பக்கத்துல இருந்து கத்துக்கிறேன்."

கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நோரிஸும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டார்: வேட்டையின் முதல் நாள், டூயி பக்கத்தில் இருக்கும்போது, தான் புது ஆள் என்று ஒரு இடத்தில் தெரிந்தால் போதும். மத்தியானம் காபிக்கடை, சாயங்காலம் பெர்த்தா, திங்கட்கிழமை பலகை இறங்கும். இருபத்துநாலு வருஷம் அவர் சொன்ன வார்த்தைக்கு அதன் பிறகு காலணா மதிப்பு இருக்காது. அறுபது வயதில் வேறு தொழிலும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வில்டாவைப் பிடித்தார். அவள் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள்.

"என் பொறந்த தேதி, அடையாள எண்ணு எல்லாம் உன் தம்பிக்கு யாரு குடுத்தது?"

"நான்தான்."

"உனக்கு விஷயம் தெரியாதா, வில்டா?"

"தெரிஞ்சுதான் குடுத்தேன். ஒரே ஒரு நாள் போயிட்டு வந்துரு. அதுக்கப்புறம் நீ கடையில என்ன சொன்னாலும் உண்மை. வருஷா வருஷம் அக்டோபர்ல நீ தூக்கமில்லாம பொரளுற, எனக்கும் தூக்கம் போகுது."

"அவன் கண்டுபிடிச்சிட்டான்னா?"

"கண்டுபிடிக்க முடியாத மாதிரி போயிட்டு வா. ஊருக்கெல்லாம் நீதான வழி சொல்ற. உனக்கு நீயே சொல்லிக்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகாமல், சாவி போட்டுக் கடையைத் திறந்து, நோரிஸ் தன்னையே வாடிக்கையாளராக நிறுத்திக்கொண்டார். எது சரி என்பதில் அவருக்குத் துளி சந்தேகமில்லை. அந்தப் பக்கத்துப் புல்வெளியில் வளரும் சேஜ் புதரின் சாம்பல் பச்சையில் அச்சடித்த சட்டை, கால்சட்டை. சத்தம் போடாத மேல்துணி. கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ். விரல் நுனியில் தோல் வைத்த கையுறை. எல்லாவற்றுக்கும் மேலாக முட்டிக் கவசம். முட்டிக் கவசத்தைப் பற்றி மட்டும் அவர் கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவார்.

ஆனால் எல்லாம் புதுசு. புதுசு என்றால் முதல் தடவை. ஒஹாயோ மாநிலத்திலிருந்து வருகிறவர் புதுசில் வரலாம், அவர் வெளியூர்க்காரர். நோரிஸ் ஹாலம் எப்படிப் புதுசில் வருவார்? டூயியும் அவன் கூட்டாளிகளும் வேட்டைக்குப் போகிற கோலத்தை அவர் ஜன்னல் வழியாக எத்தனை வருஷமாகப் பார்க்கிறார். முட்டி தேய்ந்த ஜீன்ஸ், அப்பன் காலத்துக் கம்பளிச் சட்டை, வெளுத்துப்போன ஆரஞ்சுத் தொப்பி. முட்டிக் கவசம் போட்டவனைக் கண்டால் "என்ன, தரைக்கு ஓடு பதிக்க வந்தியா?" என்று கேட்கிற கூட்டம் அது. டூயி அந்தக் கேள்வியைக் கடைக்குள்ளேயே வந்து, வாங்குகிறவர் முகத்துக்கு நேராகக் கேட்பான். ஆக, மானுக்காக உடுத்துவதா, டூயிக்காக உடுத்துவதா என்பதுதான் பிரச்சினை. நோரிஸ் வெகுநேரம் யோசித்து டூயிக்காக உடுத்துவது என்று முடிவு செய்தார்.

வீட்டில் இருந்த ஜீன்ஸெல்லாம் கடைக்கு உடுத்துகிறவை. வில்டா கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்து வைத்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்து ஒன்பது தடவை சலவை இயந்திரத்தில் போட்டார். மடிப்பு போகவில்லை. பிறகு அதைக் கயிற்றில் கட்டி, வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு கற்சாலையில் மூன்று மைல் ஓட்டினார். எதிரே வந்த தபால்காரி வண்டியை நிறுத்தி, "நோரிஸ், உங்க பேண்ட் கீழ விழுந்துருச்சு" என்றாள். "தெரியும், நன்றி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். கம்பளிச் சட்டையில் காபியைக் கொட்டினார். பூட்ஸை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் போட்டார். அது சுருங்கி, போட்டால் விரல் மடங்கியது. அனுபவசாலியின் பூட்ஸ் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

தொப்பிதான் பெரிய தலைவலி. சட்டம் கேட்பது பளிச்சென்ற ஆரஞ்சு, மானம் கேட்பது வெளுத்த ஆரஞ்சு. செப்டம்பர் முழுக்கத் தொப்பியைக் கூரைமேல் காயவைத்தார். வெளுக்காமல் அது கிண்டல் செய்வதுபோல் மின்னியது. கடைசியில் பக்கத்து வீட்டு நாயிடம் கொடுத்தார். நாய் விளிம்பை மட்டும் தின்றது.

"முட்டிக் கவசத்த எடுத்துக்க" என்றாள் வில்டா. "அதையுமா நாய் தின்னுடுச்சு?"

"அத போட்டா அவனுக்குத் தெரிஞ்சுரும்."

"போடலன்னா உனக்குத் தெரியும்."

"நான் பொறுத்துக்குவேன்" என்றார் நோரிஸ். கள்ளி முள்ளைப் பற்றி நானூறு பேருக்குப் பாடம் எடுத்தவர் சொன்ன வாக்கியம் அது.

வேட்டையின் முதல் நாள், விடிய அரைமணி நேரம் இருக்கையில் டூயியின் வண்டி வந்து நின்றது. டூயி இவரை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான்.

"தொப்பிய என்ன நாய் கடிச்சுதா?"

"பழசு."

"எத்தன வருஷத்துப் பழசு?"

"எண்ணி வச்சுக்கிறதில்ல."

டூயி பயபக்தியோடு தலையாட்டினான். நோரிஸுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

ஊரிலிருந்து முப்பது மைல் தள்ளி, அரசாங்கப் புல்வெளியில் வண்டியை நிறுத்தினார்கள். சூரியன் வந்ததும் முதல் மேட்டுக்குப் பின்னால் பதினைந்து மான்கள் மேய்ந்தன. முறை டூயியுடையது. வண்டியின் மூக்கில் துப்பாக்கியைச் சாய்த்துவைத்து நானூறு கஜத்தில் மூன்று குண்டு போட்டான். மான்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மாவட்ட எல்லையைத் தாண்டிப் போயின. வண்டியின் மேல் சாய்ந்து சுடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும் நோரிஸ் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"காத்து" என்றான் டூயி. புல் ஒன்றுகூட அசையவில்லை.

ஒன்பதரைக்கு ஒரு ஆண் மான் தனியாகத் தென்பட்டது. பெரிய வெள்ளைப் புட்டமும் கறுத்த கொம்புமாக, வறண்ட ஓடைக்கு அப்பால் நின்றது. "இது உன்னோடது மச்சான், நான் பின்னாலயே வரேன்" என்றான் டூயி. இருவரும் தரையில் படுத்துத் தவழ ஆரம்பித்தார்கள்.

முதல் பத்து கஜத்திலேயே நோரிஸின் வலது முட்டியில் கள்ளி ஏறியது. ஒரு முள் இரண்டு முள் இல்லை, ஒரு மட்டையே ஒட்டிக்கொண்டது. இடது உள்ளங்கையில் இன்னொன்று, கொஞ்ச தூரத்தில் இடது முட்டியிலும். முள்ளின் நீளம், அதன் நுனியில் இருக்கும் கொக்கி, அதை எப்படி எடுக்க வேண்டும் என்பது வரைக்கும் அவருக்கு மனப்பாடம். அதனால் வலி ஒரு துளியும் குறையவில்லை. கத்தினால் மான் ஓடும், டூயி சிரிப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. திரும்பிப் பார்த்தால் டூயி அதே கள்ளிக்காட்டில், கம்பளத்தில் தவழும் குழந்தைபோல முகம் சுளிக்காமல் வந்துகொண்டிருந்தான். அனுபவம் என்றால் இதுதான், தோலே மரத்துப்போயிருக்கும் என்று நோரிஸ் நினைத்தார். மைத்துனன்மேல் முதல் தடவையாக அவருக்கு மரியாதை வந்தது.

ஓடைக்கரையில் பையைக் கீழே வைத்து, அதன்மேல் துப்பாக்கியை வைத்தார். நூற்று எண்பது கஜம். மான் பக்கவாட்டில் நின்றது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார். விரல் தன்பாட்டுக்கு வேலையைச் செய்தது. மான் நான்கு எட்டு ஓடி விழுந்தது.

"ஒரே குண்டு" என்றான் டூயி. குரலில் பொறாமையை மறைக்கக்கூட மறந்துவிட்டான்.

மானின் பக்கத்தில் போய் நின்றபோதுதான் நோரிஸின் கதை கந்தலாயிற்று. அதன் கண் திறந்திருந்தது. கண்ணிமை மயிர் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. நோரிஸ் நாய் கடித்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மற்ற கையில் எடுத்த கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இப்படியும் அப்படியும் திருப்பினார். "மன்னிச்சுக்கப்பா" என்று மானிடம் சொன்னார். சொன்னது அவர் காதிலேயே விழுந்தது, டூயியின் காதிலும் விழுந்தது.

டூயி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிட்டே வந்தான்.

"மச்சான். உனக்கு இதான் மொதல் தடவையா?"

நோரிஸ் தொப்பியின் நாய் கடித்த விளிம்பைத் தடவினார். டூயிக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அட கடவுளே" என்றான் டூயி மெதுவாக. "இருபத்துநாலு வருஷம். 'நோரிஸைக் கேளுங்கள்'னு பலகை வேற." அவன் சிரிப்பான் என்று நோரிஸ் காத்திருந்தார். டூயி சிரிக்கவில்லை, குந்தி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான். "இத பாரு. எனக்கு மூணு வருஷமா ஒரு மானும் விழல. ஊர்ல சொல்லிக்கிறது வேற கதை. இதுக்கு என் சீட்டக் கட்டிருவோம். நான் அடிச்சதா இருக்கட்டும். உனக்கு அப்புறம் ஒன்னு அடிக்கலாம். நீ மொதல் தடவ வந்தேங்கறத நான் பாக்கல, கேக்கல, செத்தாலும் சொல்ல மாட்டேன்."

நல்ல பேரம்தான். ஒரு மானைக் கொடுத்தால் இருபத்துநாலு வருஷத்து மானம் மிஞ்சும். அடித்தவன்தான் தன் சீட்டை மானின் கொம்பில் கட்ட வேண்டும், அடுத்தவன் அடித்ததற்குத் தன் சீட்டைக் கட்டுவது குற்றம் என்று நோரிஸ் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் தயங்கியது சட்டத்துக்குப் பயந்து இல்லை. இந்த ஊரில் அவர் சொன்னதெல்லாம் கடன் வாங்கிய பேச்சு. சொந்தமாக நடந்தது என்று சொல்லிக்கொள்ள இந்த ஒரு மான்தான் இருக்கிறது, அதையும் கொடுத்துவிட்டால் பலகையில் இருக்கிற ஆளைத் தவிர வேறு யாரும் மிஞ்ச மாட்டார்கள். அந்த ஆளை நோரிஸுக்கு ரொம்ப நாளாகவே பிடிக்காது.

"பேனா குடு" என்றான் டூயி, தன் சீட்டை எடுத்துக்கொண்டே. "தேதி போட்டுக் கையெழுத்துப் போடணும்."

"நீ கொண்டு வரலையா?"

"வேட்டைக்கு யாருய்யா பேனா கொண்டு வருவா?"

நோரிஸ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மானின் முதுகுமேல் தன் சீட்டை வைத்துத் தேதி போட்டார், நிதானமாகத் தன் முழுப்பெயரையும் எழுதினார், கொம்பில் கட்டினார். டூயியின் முகம் சுருங்கியது.

"சரி" என்றான். "உன் இஷ்டம். போற வழியிலதான் காபிக்கடை இருக்கு."

கத்தியை எங்கே வைப்பது என்று டூயி விரலால் காட்டினான், நோரிஸ் அறுத்தார். முறைப்பாக இருந்தாலும் கறி கெட்டுப்போக விடுவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் பழக்கமில்லை. தோலை உரித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, கொம்போடு தலையையும் சீட்டையும் மேலே வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

காபிக்கடைக்கு முன்னால், நெடுஞ்சாலைத் திருப்பத்தில், வனவிலங்குத் துறையின் சோதனைச் சாவடி. வேட்டையிலிருந்து திரும்புகிற வண்டிகளெல்லாம் அங்கே நின்றுதான் போக வேண்டும். ஏழெட்டு வண்டிகள் நின்றன. ஆட்கள் இறங்கி அடுத்தவன் வண்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெல்டிங் பட்டறை ஹார்லன் இருந்தார், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற டெல்மர் இருந்தார். பெர்த்தாவே தன் வண்டியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். டூயிக்குக் காபிக்கடைவரை போகிற சிரமமே இல்லை. வண்டி நின்றதும் இறங்கி, ஹார்லனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

சாவடி அதிகாரி ரோவினா என்கிற இளம்பெண். கையில் அட்டையும் தாளுமாக நோரிஸின் ஜன்னலுக்கு வந்தாள்.

"சீட்டு கச்சிதமா கட்டியிருக்கீங்க. இந்த வருஷம் ரெண்டு கேள்வி கூடக் கேக்குறோம், கணக்கெடுப்புக்காக. இதுவரைக்கும் எத்தன மான் அடிச்சிருக்கீங்க?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் ஒன்று தயாராக இருந்தது, நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தால் டூயி ஹார்லனுக்கு நான்கடி தூரத்தில் இருந்தான். நோரிஸ் கதவைத் திறந்து இறங்கினார். முட்டி மடங்காததால் இறங்குவதற்கு நேரமாயிற்று.

"ஒன்னு" என்றார். கடையில் பேசுகிற குரலிலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இதான் மொதல். இதுக்கு முன்னால நான் வேட்டைக்குப் போனதே கிடையாது."

டூயி திறந்த வாயோடு நின்றான். ஹார்லன் திரும்பினார். பெர்த்தாவின் சாண்ட்விச் பாதியில் நின்றது. ரோவினா மட்டும் தாளில் ஒன்று என்று எழுதிக்கொண்டு, அடுத்த கேள்வியைத் தேடினாள்.

"மொதலா?" என்றார் ஹார்லன்.

"மொதல்."

"அப்போ எனக்கு வருஷக்கணக்கா புத்தி சொன்னது?"

"புத்தகத்துல படிச்சது. தப்பா போச்சா?"

ஹார்லன் தாடையைச் சொறிந்தார். ரொம்ப நேரம் சொறிந்தார். "இல்ல" என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். "தப்பா போகல. அதான் எரிச்சலா இருக்கு." பிறகு கிட்டே வந்து ஐஸ் பெட்டியை எட்டிப் பார்த்தார். "என் மொதல் தடவ, குண்டு எடுத்துட்டுப் போக மறந்துட்டேன். அஞ்சு மைலு வெறுந்துப்பாக்கியத் தூக்கிட்டு நடந்துட்டு, துப்பாக்கி கெட்டுப்போச்சுன்னு அப்பாகிட்ட சொன்னேன். அவரு அத ரிப்பேருக்கு அனுப்பிட்டாரு."

"நான் ஒரு மணி நேரம் தவழ்ந்து போயி வெள்ளை வாளியச் சுட்டேன்" என்றார் டெல்மர். "மாட்டுக்கு உப்பு வைக்கிற வாளி. மாட்டுக்காரரு பின்னாலயே நின்னு பாத்துட்டிருந்தாரு."

முதல் மான் அடித்தவனைச் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு அவமானத்தைச் சொல்வது ஹார்கெட் வழக்கம். முதல் மான்காரனைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கதைகளைச் சொல்ல மாட்டார்கள். பெரிய ஆளான நோரிஸிடம் யார் போய்ச் சொல்வார்கள்? இருபத்துநாலு வருஷத்தில் ஒன்றுகூட அவர் காதுக்கு வந்ததில்லை. இவ்வளவு நல்ல கதைகளை ஒரு வறட்டு கௌரவத்துக்காகக் கேட்காமல் விட்டோமே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பெர்த்தா வண்டியிலிருந்து இறங்கவில்லை. முகத்தைப் பார்த்தால் பலகையைப் பற்றி ஏதோ தீவிரமாக யோசிப்பதுபோல் இருந்தது. பரவாயில்லை, யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"ஏன் நொண்டுறீங்க?" என்று கேட்டார் டெல்மர்.

"கள்ளி. ரெண்டு முட்டியிலயும்."

"எங்ககிட்டயெல்லாம் முட்டிக் கவசம், முட்டிக் கவசம்னு உயிர எடுப்பீங்களே, நீங்க போடலையா?"

"போட்டா புதுசுன்னு தெரிஞ்சுருமேன்னுதான்."

டெல்மரும் ஹார்லனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டெல்மர் குனிந்து, ஜீன்ஸின் அடியைப் பிடித்து மேலே சுருட்டினார். உள்ளே, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில், கறுப்பாக ஒன்று இருந்தது. பெர்த்தா கடையில் வாங்கிய முட்டிக் கவசம். ஹார்லனும் முனகிக்கொண்டே தன் காலைச் சுருட்டிக் காட்டினார். அங்கேயும் அதே சரக்கு. அதற்கப்பால் நின்றிருந்த ஒரு ஆள் குனிந்து தன்னுடையதை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

நோரிஸ் மெதுவாகத் திரும்பி டூயியின் முட்டியைப் பார்த்தார். மற்றவர்களும் அதைத்தான் பார்த்தார்கள்.

"டூயி, கொஞ்சம் கால மடக்கு" என்றார் ஹார்லன்.

"எனக்கு நேரமாச்சு" என்றான் டூயி. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டான்.

டெல்மர் தன் வண்டியின் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த குறடோடு தரையில் உட்கார்ந்து நோரிஸின் ஜீன்ஸைச் சுருட்டினார். "பொறுத்துக்கங்க" என்று சொல்லி முதல் முள்ளைப் பிடித்து இழுத்தார். நோரிஸ் பொறுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, சாலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி வாய்விட்டுக் கத்தினார்.